பொறுமையில் பூமாதேவிகள்

நம் ஜனங்களுக்குப் பொறுமையே இல்லை என்று குறைப்பட்டுக்கொள்ளாதவர் கிடையாது. பஸ் நிற்பதற்குள் ஏறுகிறோம், சிக்னல் மாறுவதற்குள் ஹாரன் அடிக்கிறோம், ரேஷன் கடையில் பில் போட ஐந்து நிமிஷம் தாமதமானால் சத்தம் போடுகிறோம். இப்படிக் குறை சொல்கிறவர்கள் தரையை மட்டும் பார்த்துப் பழகியவர்கள். அண்ணாந்து பார்த்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆளுநர் மாளிகையில், சபாநாயகர் அறையில், டெல்லி ராய்சினா குன்றின் மேல் குடிகொண்டிருக்கும் பொறுமைக்கு இணையாக இந்த நாட்டில் வேறெதையும் காட்ட முடியாது. அதைப் புகழ்ந்து எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஆசையைக் கிளப்பிவிட்டவர்கள் என் மாணவர்கள். மேல்நிலை வகுப்புகளுக்கு அரசியல் அறிவியல் நடத்துகிறேன். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளில் பாதிக்குப் பதில் கைவசம் இருக்கும். எம்.எல்.ஏ. ஆக என்ன படித்திருக்க வேண்டும்? எதுவும் வேண்டாம், 25 வயது நிறைந்திருந்தால் போதும். முதலமைச்சரைக் கைது செய்யலாமா? செய்யலாம், பதவியில் இருக்கும்போது குற்ற வழக்கிலிருந்து காப்பு குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் மட்டும்தான். தேர்தலில் நிற்காதவர் அமைச்சராகலாமா? ஆகலாம், ஆறு மாதத்துக்குள் அவையில் உறுப்பினராகிவிட வேண்டும். இதெல்லாம் ஒரு மதிப்பெண் வினாக்கள்.

என்னைத் திணறடிப்பது வேறொரு கேள்வி. எந்தப் பாடத்தை எடுத்தாலும் கடைசி பெஞ்சிலிருந்தோ முதல் பெஞ்சிலிருந்தோ அது வந்துவிடும். "எத்தனை நாளுக்குள்ள, டீச்சர்?"

சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா ஆளுநருக்குப் போகிறது. எத்தனை நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும்? கட்சி மாறியவர் மீது புகார் கொடுத்தாயிற்று. எத்தனை நாளுக்குள் சபாநாயகர் முடிவு சொல்ல வேண்டும்? கருணை மனு போயிருக்கிறது. எத்தனை நாளுக்குள் பதில் வரும்? பிள்ளைகளுக்கு இது இயல்பான கேள்வி. அவர்கள் வாழ்க்கை முழுவதும் தேதிகளால் ஆனது. பொதுத்தேர்வுக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள், பிறந்தவுடன் 21 நாளுக்குள் பதிந்திருக்க வேண்டிய பிறப்புச் சான்றிதழ். நீட் தேர்வு மதியம் 2 மணிக்கு, ஆனால் 1.30க்கு வாசல் கதவைச் சாத்திவிடுவார்கள். 1.31க்கு மூச்சிரைக்க ஓடி வந்த பிள்ளை கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுவதை வருஷா வருஷம் செய்தியில் பார்க்கிறோம். அந்தப் பிள்ளைகளிடம்தான், மேலே உள்ளவர்களுக்குக் கடைசி நாள் என்று ஒன்று கிடையாது, அவர்களுடைய பொறுமைக்கு எல்லை வகுக்கப்படவில்லை என்று நான் விளக்க வேண்டியிருக்கிறது.

நம் அரசியலமைப்புச் சட்டத்தை எழுதியவர்களுக்கு நாள் எண்ணத் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நன்றாகவே எண்ணினார்கள். கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்று மணிக்கணக்கில் எழுதினார்கள். பண மசோதாவை மாநிலங்களவை 14 நாளுக்குள் திருப்பி அனுப்பியாக வேண்டும் என்றார்கள். சட்டமன்றத்தின் இரண்டு கூட்டத்தொடர்களுக்கு நடுவே ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். ஆட்சிமொழியாக ஆங்கிலம் தொடர 15 ஆண்டு என்று கெடு வைத்தார்கள். அந்தக் கெடு முடிந்த 1965 ஜனவரியில் தமிழ்நாடு எப்படிக் கொந்தளித்தது என்பதும் பாடத்தில் இருக்கிறது.

மசோதா விஷயத்திலும் எண்ணத்தான் தொடங்கினார்கள். குடியரசுத் தலைவர் ஒரு மசோதாவைத் திருப்பி அனுப்புவதென்றால் ஆறு வாரத்துக்குள் அனுப்ப வேண்டும் என்று வரைவில் இருந்தது. 1949இல் அதை அடித்துவிட்டு, 'கூடிய விரைவில்' என்று மாற்றினார்கள். எச்.வி. காமத் எழுந்து, இது பிடி கொடுக்காத வாசகம், கெடு இருக்க வேண்டும் என்று வாதாடினார். அவை ஏற்கவில்லை. 'கூடிய விரைவில்' என்றால் ஆறு வாரத்தைவிட விரைவாகவே நடக்கும் என்று அந்தப் பெரியவர்கள் நம்பினார்கள். மாநில ஆளுநர்களுக்கான 200ஆம் பிரிவிலும் அதே சொற்கள்தான். உயர்ந்த பதவியில் உட்காருகிறவரிடம் கெடுவைக் காட்டி வேலை வாங்குவது மரியாதையல்ல என்று எண்ணிய தலைமுறை அது. அவர்கள் கொடுத்த மரியாதையில் ஒரு துளியைக்கூட வீணாக்காமல் பிற்பாடு வந்தவர்கள் முழுக்க அனுபவித்தார்கள். மூதாதையர் வைத்துவிட்டுப் போன சொத்தை இப்படி முழுசாக ஆண்டவர்கள் யார் இருக்கிறார்கள்?

என் மாணவர்களுக்கு நெருக்கமான உதாரணம் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. அரசுப் பள்ளியில் படித்து நீட் எழுதுகிற பிள்ளைகளுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீதத்தை ஒதுக்கும் மசோதா 2020 செப்டம்பர் 15 அன்று பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்பே இல்லை, ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லாருக்கும் அதில் ஒரே கருத்து. ஆளுநருக்குப் போனது. அக்டோபர் 16 அன்று நீட் முடிவு வந்தது. கலந்தாய்வு தொடங்க வேண்டும், மசோதா ஆளுநர் மேசையில் இருக்கிறது. ஆராய இன்னும் மூன்று நான்கு வாரம் வேண்டும் என்று அங்கிருந்து பதில் வந்தது. மொத்தமும் விரித்து வைத்தாலும் ஒரு மேசைக்குள் அடங்கிவிடக்கூடிய மசோதாவை அவ்வளவு நுணுக்கமாக வாசிக்கிற ஒருவர் கிடைத்தது மாநிலத்தின் பாக்கியம். அந்த வாரங்களில் கிராமத்துப் பள்ளிகளில் நல்ல மதிப்பெண் எடுத்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் வீட்டில் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும். ஒரு பிள்ளையின் அப்பா தினமும் சாயங்காலம் போன் போட்டு, "டீச்சர், ஆளுநர் கையெழுத்துப் போட்டுட்டாரா?" என்று கேட்பார். கட்டட வேலை செய்கிற மனிதர். அதுவரைக்கும் ஆளுநர் என்று ஒரு பதவி இருப்பதையே அவர் யோசித்திருக்க மாட்டார். குடிமையியல் பாடத்தை இவ்வளவு ஆழமாக வீடு வீடாகக் கொண்டு சேர்த்த பெருமை என்னுடையதல்ல, அந்தத் தாமதத்தினுடையது.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கவலையைச் சொன்னது. கடைசியில் மாநில அரசு காத்திருக்க முடியாமல் அக்டோபர் 29 அன்று அரசாணை போட்டது. மறுநாளே ஆளுநரின் ஒப்புதல் வந்துவிட்டது. ஆறு வாரத்துக்கு மேல் ஆராய வேண்டியிருந்த ஒன்று, ஒரே இரவில் ஆராய்ந்து முடிந்த அந்த வேகத்தையும் சேர்த்தே பாராட்ட வேண்டும். அந்த ஆண்டே ஏறத்தாழ 400 அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவம், பல் மருத்துவம் சேர இடம் கிடைத்தது.

நீட் விலக்கு மசோதா இதைவிடப் பெரிய பாடம். 2017 பிப்ரவரியில் இரண்டு மசோதாக்களை நிறைவேற்றி டெல்லிக்கு அனுப்பினோம். அவை அந்த ஆண்டு செப்டம்பரிலேயே நிராகரிக்கப்பட்டுவிட்டன. ஆனால் மக்களுக்கு அது தெரிந்தது 2019 ஜூலையில், சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கில் மத்திய அரசு சொன்னபோது. கெட்ட செய்தியைப் பிள்ளைகளின் காதில் போட்டு மனசை நோகடிக்க வேண்டாம் என்று ஏறக்குறைய இரண்டு ஆண்டு டெல்லியும் சென்னையும் காத்த அந்த மௌனத்தில் இருந்தது எவ்வளவு கருணை! இடையில் இரண்டு தேர்வுகள் வந்துபோயின. விலக்கு வரும் என்று நம்பிக்கொண்டே அந்தப் பிள்ளைகள் அவற்றை எழுதினார்கள். 2017 செப்டம்பர் 1 அன்று குழுமூரில், நீட்டால் மருத்துவ இடம் கிடைக்காத மாணவி அனிதா உயிரை விட்டதும் அந்த ஆண்டில்தான். அனிதாவின் பெயரைச் சொல்லும்போது வகுப்பில் சத்தம் அடங்கிவிடும். அதற்கு மேல் அந்தப் பாடத்தை என்னால் வேகமாக நடத்த முடிவதில்லை.

2021 செப்டம்பர் 13 அன்று புதிய மசோதா. 2022 பிப்ரவரி தொடக்கத்தில் ஆளுநர் திருப்பி அனுப்பினார். பிப்ரவரி 8 அன்று சிறப்புக் கூட்டம் கூட்டி மறுபடி நிறைவேற்றினார்கள். மே மாதம் அது டெல்லிக்குப் போனது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரவில்லை என்று பேரவையில் அறிவிக்கப்பட்டது 2025 ஏப்ரலில். முதல் தடவை நிறைவேறியபோது எட்டாம் வகுப்பில் இருந்த பிள்ளை அப்போது 11ஆம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்திருந்தது. 'கூடிய விரைவில்' என்பதன் நீளத்தைப் பிள்ளைகளுக்கு இனி நான் தனியாக விளக்க வேண்டியதில்லை. அது அவர்களுடைய பள்ளிப் பருவத்தின் நீளம்.

சரி, இதற்கெல்லாம் நீதிமன்றம் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்பார்கள். சொன்னது. 2020 ஜனவரி முதல் சேர்ந்துவந்த மசோதாக்களில் பத்தை, காரணம் எதுவும் எழுதாமல், ஒப்புதலை நிறுத்திவைப்பதாகச் சொல்லி 2023 நவம்பர் 13 அன்று ஆளுநர் திருப்பினார். ஐந்தே நாளில், நவம்பர் 18 அன்று, பேரவை கூடி அவற்றை அப்படியே மறுபடி நிறைவேற்றியது. நவம்பர் 28 அன்று அவர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவைத்தார். ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருந்த கோப்பு, ஒரே மாதத்தில் இத்தனை ஊர்வலம் போனதற்குக் காரணம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியதுதான். 2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் தீர்ப்புச் சொன்னார்கள்: ஆளுநர் செய்தது சட்டப்படி செல்லாது, பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றவையே. ஆளுநருக்குச் சிலவற்றுக்கு ஒரு மாதம், சிலவற்றுக்கு மூன்று மாதம், குடியரசுத் தலைவருக்கு மூன்று மாதம் என்று கெடுவும் வகுத்தார்கள்.

அன்றைக்கு வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். "எத்தனை நாளுக்குள்ள" என்ற கேள்விக்கு முதல் தடவையாக எண்ணில் ஒரு பதில்.

அடுத்த மாதமே, கேள்வி கேட்பது மாணவர்களின் தனியுரிமை அல்ல என்று நிரூபணமானது. மே 13 அன்று குடியரசுத் தலைவர் 143ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றத்திடம் 14 கேள்விகள் கேட்டார். சாரம் ஒன்றுதான்: அரசியலமைப்பே கெடு சொல்லாதபோது நீதிமன்றம் எப்படிச் சொல்லலாம்? நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு கருத்துச் சொன்னது. நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதிக்கொள்ளவும் முடியாது. ஆனால் காரணமே சொல்லாமல் வரம்பின்றிக் கிடப்பில் போட்டால், முடிவெடுங்கள் என்று மட்டும் நீதிமன்றம் சொல்லலாம். பிள்ளைகள் நோட்டில் எழுதியதை அடித்தார்கள். கருத்து கேட்டு ஆறு மாதத்துச் சொச்சத்தில் பதில் கிடைத்துவிட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். காத்திருப்பதற்கான உரிமையை உறுதி செய்துகொள்ளும் காரியத்தில் அவ்வளவு காத்திருப்பு இல்லை.

ஆளுநர்களை மட்டும் புகழ்ந்துவிட்டுச் சபாநாயகரை விடுவது அநியாயம். நம் சட்டப்பேரவையின் ஒரே நாற்காலி, ஒரே ஆண்டில், ஒரே சட்டத்தை வைத்துக்கொண்டு செய்து காட்டியதைக் கட்சித்தாவல் பாடத்தில் தவறாமல் சொல்கிறேன்.

2017 பிப்ரவரி 18. எடப்பாடி பழனிசாமி அரசின் மீது நம்பிக்கை வாக்கெடுப்பு. 122 பேர் ஆதரித்தார்கள். அதே கட்சியின் 11 பேர், ஓ. பன்னீர்செல்வம் உட்பட, எதிர்த்து வாக்களித்தார்கள். பத்தாவது அட்டவணையைப் படித்த பதினோராம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும், கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகும் என்று. புகாரும் கொடுக்கப்பட்டது. அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

ஆகஸ்ட் 22. இரண்டு அணிகளும் இணைந்து, பன்னீர்செல்வம் துணை முதல்வரான மறுநாள். டி.டி.வி. தினகரன் பக்கமிருந்த உறுப்பினர்கள் ஆளுநரைப் பார்த்து, முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். அவையில் வாக்களிக்கவில்லை, கடிதம்தான். செப்டம்பர் 18 அன்று அவர்களில் 18 பேரைச் சபாநாயகர் தகுதிநீக்கம் செய்துவிட்டார். ஒரு மாதம்கூட ஆகவில்லை. அத்தனை சுறுசுறுப்பு! உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொல்லி, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் சபாநாயகர் முடிவு சரி என்றார். சட்டப்படி அந்த முடிவு நின்றது. அதில் எனக்கு வழக்கில்லை.

பிள்ளைகள் கேட்பது அந்தப் 11 பேரைப் பற்றி. அவர்கள் விஷயத்தில் அதே சபாநாயகர் காட்டிய நிதானத்தை என்னென்று சொல்ல! ஒரு ஆண்டு போனது, இரண்டு போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 பிப்ரவரியில் நோட்டீஸ் அனுப்பியாயிற்று என்று அங்கே சொல்லப்பட்டது. சரி, சட்டப்படி முடிவெடுப்பார் என்று சொல்லி நீதிமன்றம் வழக்கை முடித்துக்கொண்டது. அவர் முடிவெடுக்கவில்லை, 2021இல் அந்தப் பேரவையின் ஆயுளே முடிந்தது. அதற்குள் அந்தப் 11 பேரில் துணை முதல்வரும் இருந்தார், அமைச்சரும் இருந்தார். அவசரப்பட்டு நோட்டீஸ் அனுப்பியிருந்தால் ஒரு அரசாங்கம் ஆட்டம் கண்டிருக்கும். பொறுமை எவ்வளவு பெரிய ஆபத்தைத் தடுத்தது, பாருங்கள். 18 தொகுதி மக்கள் மட்டும், 2019 இடைத்தேர்தல் வரை, ஒன்றரை ஆண்டுக்கு மேல் உறுப்பினர் இல்லாமல் இருந்தார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று மனுவை எடுத்துக்கொண்டு போனவர்களுக்கு எம்.எல்.ஏ. அலுவலகத்தில் பூட்டுதான் தெரிந்தது. ஒரே ஆளிடம் வேகமும் நிதானமும் இப்படிச் சேர்ந்து அமைவது அபூர்வம். எது யாருக்கு என்று அறிந்து பரிமாறுகிற பக்குவம் அதைவிட அபூர்வம்.

மூன்று மாதத்துக்குள் சபாநாயகர் முடிவெடுக்க வேண்டும் என்று 2020 ஜனவரியில், மணிப்பூர் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2025 ஜூலையில் தெலங்கானா வழக்கில் மறுபடியும் அதையே சொல்ல வேண்டியிருந்தது. இந்தக் குணத்துக்குக் கட்சி பேதம் கிடையாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அடுத்து வருவதைப் புகழ்ச்சியாக எழுதக் கை தயங்குகிறது. இருந்தாலும் உண்மையைச் சொல்லாமல் விட முடியாது. பொறுமையின் உச்சம் அங்கேதான் இருக்கிறது.

கருணை மனு பாடம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991 ஜூன் 11 அன்று கைதானபோது பேரறிவாளனுக்கு 19 வயது. தூக்குத் தண்டனை உறுதியானபின் குடியரசுத் தலைவருக்குக் கருணை மனு போனது 2000இல். நிராகரிப்பு வந்தது 2011 ஆகஸ்டில். 11 ஆண்டு. அதற்குள் ராஷ்டிரபதி பவனில் இரண்டு பேர் மாறி மூன்றாமவர் வந்திருந்தார். ஒரு மனிதனைத் தூக்கில் போடலாமா வேண்டாமா என்று இவ்வளவு காலம் யோசிக்கிற அரசு இரக்கமுள்ள அரசுதான் என்று ஒரு மாணவன் சொன்னான். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தான். யோசிக்கிற அந்த 11 ஆண்டும் அந்த மனிதன் எங்கே இருந்தான் என்று கேட்டேன். தனி அறையில், நாளைக்குக் கதவு எதற்காகத் திறக்கும் என்று தெரியாமல். உச்ச நீதிமன்றம் 2014 பிப்ரவரி 18 அன்று அந்தத் தாமதத்தையே காரணமாகக் காட்டித் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. ஆக, அந்தப் பொறுமை ஓர் உயிரைக் காப்பாற்றியது. அதற்கு நன்றி சொல்வதா, அந்த 11 ஆண்டுக்குக் கணக்குக் கேட்பதா என்று எனக்கு இன்றுவரை தெளியவில்லை.

கதை அதோடு முடியவில்லை. 2018 செப்டம்பர் 9 அன்று மாநில அமைச்சரவை கூடி, அந்த வழக்கில் சிறையில் இருந்த ஏழு பேரையும் விடுவிக்கலாம் என்று ஆளுநருக்குப் பரிந்துரைத்தது. 161ஆம் பிரிவு, அமைச்சரவையின் ஆலோசனைப்படி ஆளுநர் நடக்க வேண்டிய இடம். இரண்டு ஆண்டுக்கு மேல் அது அவரிடம் இருந்தது. 2021 ஜனவரியில், இதை முடிவு செய்யும் அதிகாரம் தனக்கில்லை, குடியரசுத் தலைவருக்குத்தான் என்று அனுப்பிவிட்டார். தனக்கு அதிகாரம் இல்லை என்று கண்டுபிடிக்க இரண்டு ஆண்டு எடுத்துக்கொள்கிற அடக்கம்! 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தைக் கொண்டு பேரறிவாளனை விடுவித்தது. ஆளுநர் அமைச்சரவையின் பேச்சுக்குக் கட்டுப்பட்டவர் என்றும் அப்போது சொன்னது. 19 வயதில் போனவர் 50 வயதில் வந்தார். அவருடைய அம்மா அற்புதம்மாள் சிறை வாசலுக்கும் கோட்டைக்கும் கோர்ட்டுக்கும் நடந்த நடையை இந்த மாநிலமே பார்த்தது. வழக்கைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும் இருக்கட்டும். ஒரு கோப்பு மேசையில் சும்மா கிடக்கிறது என்றால் அதன் மறுமுனையில் ஒரு ஆள் சும்மா இருக்கவில்லை என்பதை என் பிள்ளைகள் அந்த அம்மாவைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார்கள்.

சிறிய பொறுமைகளும் உண்டு. மக்களவைக்குத் துணை சபாநாயகரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 93ஆம் பிரிவு சொல்கிறது. எப்போது? இயன்ற விரைவில். 2019இல் மு. தம்பிதுரையின் பதவிக்காலம் முடிந்ததோடு சரி. 17ஆவது மக்களவை ஐந்து ஆண்டும் துணை சபாநாயகர் இல்லாமலேயே நடந்து முடிந்தது. பொது அறிவுப் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகள் அந்தக் கேள்விக்கு எதை எழுதுவது என்று கேட்டால், தமிழ்நாட்டுக்காரர் ஒருவர்தான் கடைசியாக இருந்தார் என்று சொல்லி அனுப்புவேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அப்படியே. 1881இல் தொடங்கி, உலகப் போர் நடந்த 1941இல்கூட விடாமல், பத்தாண்டுக்கு ஒருமுறை எண்ணிக்கொண்டு வந்தோம். 2021இல் விட்டோம். அடுத்த கணக்குக்கான நாள் 2027 மார்ச் 1 என்று அறிவித்தார்கள். 2011க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளை இந்த நாடு இன்னும் ஒருமுறைகூட எண்ணிப் பார்த்ததில்லை.

கெடுவே இல்லாத இடத்தில்தானே இதெல்லாம், கெடு எழுதி வைத்திருந்தால் நடக்குமா என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. உள்ளாட்சிப் பாடத்தில் அதற்குப் பதில் இருக்கிறது. 73, 74ஆவது திருத்தங்களை எழுதியவர்கள் உஷாரானவர்கள். ஊராட்சியின் காலம் ஐந்து ஆண்டு, அது முடிவதற்கு முன்பே தேர்தலை நடத்தி முடித்திருக்க வேண்டும் என்று 243E பிரிவில் சந்துபொந்து இல்லாமல் எழுதினார்கள். தமிழ்நாட்டில் உள்ளாட்சிகளின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. ஊரகத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில், அதுவும் 27 மாவட்டங்களில். விடுபட்ட ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19. ஐந்து ஆண்டுக்கு மேல் சென்னைக்கு மேயர் இல்லை. இட ஒதுக்கீடு, வார்டு மறுவரையறை, வழக்கு, புது மாவட்டம், கொரோனா என்று காரணங்கள் வரிசையாக வந்து நின்றன. உள்ளாட்சிக்கு வர வேண்டிய மத்திய நிதியில் ஒரு பகுதி தேர்தல் நடக்காததால் நின்றுபோனது. அத்தனை நஷ்டத்தையும் தாங்கிக்கொண்டு காத்திருந்தார்கள். அன்று ஆண்ட கட்சியைக் குறை சொன்னவர்கள் பிறகு ஆட்சிக்கு வந்தார்கள். பெரும்பாலான மாவட்டங்களின் ஊராட்சிகளுக்குக் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. தேர்தல் வரவில்லை, தனி அலுவலர்கள் வந்தார்கள். முன்னவர் காட்டிய பொறுமையைப் பின்னவர் மறக்காமல் போற்றிக் காப்பாற்றுகிற இந்தப் பண்பாட்டை வேறெந்த விஷயத்திலாவது நம் இரண்டு கட்சிகளிடம் பார்க்க முடிகிறதா?

இவர்களுக்கு நாள் பார்க்கவே தெரியாது என்று யாராவது நினைத்தால் வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளன்று தேர்தல் அலுவலர் அறைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். காலை 11 மணியிலிருந்து மாலை 3 மணி வரைதான் வாங்குவார்கள் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. 2.50க்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிப்படியில் ஓடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். 3 மணி என்றால் 3 மணி. தங்களுக்கு வேண்டியது என்றால் நிமிஷத்தை மதிக்கும் திறமை அவர்களிடம் குறைவில்லாமல் இருக்கிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடத்தும்போது பிள்ளைகளை நிஜமாகவே ஒரு மனு எழுதவைப்பது என் வழக்கம். வெள்ளைத் தாள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பதிவுத் தபால். ஒரு மாணவி தன் தெருவில் பாதியில் நின்ற மழைநீர் வடிகாலுக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, வேலை என்று முடியும் என்று கேட்டாள். 30 நாளில் பதில் வர வேண்டும் என்று சட்டம் சொல்வதால் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தாள். வட்டம் போட்ட நாளன்றே பதிலும் வந்தது: 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.' முதல் மேல்முறையீடு செய்தோம். 30 நாள், நீட்டினால் 45 நாள் என்று அதற்கும் கெடு இருக்கிறது. அதற்கும் பதில் இல்லை. அடுத்தது தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. சட்டப் புத்தகத்தைப் புரட்டினாள். 19ஆம் பிரிவை இரண்டு தடவை வாசித்தாள்.

"டீச்சர், இதுக்கு எத்தனை நாள்னு போடவே இல்லையே?"

போடவில்லை. சட்டத்தை எழுதியவர்கள் கீழே இருக்கும் குமாஸ்தாவுக்கு 30 நாள் கொடுத்தார்கள், நடுவில் இருக்கும் அதிகாரிக்கு 45 கொடுத்தார்கள், மேலே இருக்கும் ஆணையத்துக்குக் கணக்கே வைக்கவில்லை. படி ஏற ஏறப் பொறுமை கூடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மறுவாரம் அதே மாணவி ஒரு தாளில் 200ஆம் பிரிவைத் தன் கையெழுத்தில் திருத்தி எழுதிக் கொண்டுவந்தாள். 'கூடிய விரைவில்' என்பதை அடித்து 'முப்பது நாள்களுக்குள்' என்று போட்டிருந்தாள். கீழே ஒரு வரி கூடுதலாக: திருப்பி அனுப்பினால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், தராவிட்டால் ஏன் தரவில்லை என்று பேரவைக்கு வந்து சொல்ல வேண்டும். இதை யாருக்கு அனுப்பலாம் என்று கேட்டாள். 368ஆம் பிரிவில் திருத்த மசோதாவை நாடாளுமன்றத்தின் எந்த அவையிலும் கொண்டுவரலாம் என்று இருக்கிறது, தனி உறுப்பினர் மசோதாவாகக்கூடக் கொண்டுவரலாம், உங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுது என்றேன். எழுதிவிட்டாள். தபால் ரசீதை நோட்டில் ஒட்டி, பக்கத்தில் அனுப்பிய தேதியையும் குறித்து வைத்திருக்கிறாள்.